களவு போனது படம்! கூண்டில் நிற்பது நம் சகோதரியா?

2021 ஜூலை மாதம். நம் சகோதரிகள் எண்பது பேருக்கும் மேற்பட்டோரின் புகைப்படங்கள் அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கங்களிலிருந்து களவாடப்பட்டன. 'சுல்லி டீல்ஸ்' என்று பெயர் சூட்டி, அவர்களை ஏலம் விட்டு மகிழ்ந்தது ஒரு கயவர் கூட்டம். பத்திரிகையாளர், விமானி, சமூகப் போராளி என்று வாய் திறந்து பேசிய முஸ்லிம் பெண்களே குறிவைக்கப்பட்டனர்.

டெல்லி காவல்துறை வழக்குப் பதிந்தது. பிறகு? உறங்கியது! ஆறு மாதங்கள் ஒருவர்கூடக் கைதாகவில்லை. அந்தத் துணிச்சலில் 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' என்ற பெயரில் மீண்டும் ஏலம். காணாமல் போன ஜே.என்.யூ. மாணவர் நஜீபின் வயதான தாயாரைக்கூட அந்தக் கூட்டம் விட்டுவைக்கவில்லை.

மும்பை காவல்துறை களமிறங்கியது. சில நாட்களிலேயே பெங்களூரிலும் உத்தரகாண்டிலும் கைதுகள். அதன் பிறகே டெல்லி காவல்துறையும் விழித்து அஸ்ஸாமில் ஒருவரையும் இந்தூரில் ஒருவரையும் பிடித்தது. ஆறு மாதம் அகப்படாதவர் பத்தே நாளில் அகப்பட்டது எப்படி? முடியாமல் அல்ல, மனமில்லாமல்தான் இருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அந்த இருவருக்கும் 2022 மார்ச்சில் ஜாமீனும் கிடைத்துவிட்டது.

இதைவிட வேதனை, நமக்குள்ளேயே எழுந்த குரல். "இவள் ஏன் படத்தைப் போட்டாள்?" என்கிறார்கள். வியாபாரப் பெருமக்களே! கடையில் திருட்டுப் போனால், "கடையை ஏன் திறந்தாய்?" என்று உங்களிடம் யாராவது கேட்டால் பொறுப்பீர்களா?

சூரத்துந் நூரின் 30-வது வசனத்தைப் பாருங்கள். பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆண்களுக்குத்தான் கட்டளை. பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்தி, நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு 80 கசையடி என்பதும் அதே அத்தியாயத்தில்தான். அதை ஓதும் நாம், திருடனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவளை விசாரிக்கலாமா?

படம் களவு போனதும் ஒரு பெண் முதலில் அஞ்சுவது திருடனுக்கு அல்ல, தன் வீட்டாருக்கு! அந்த அச்சம்தான் மிரட்டுபவனின் மூலதனம். அதை நாமே அவனுக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.

இளைஞர்களே! அழுதது போதும், சட்டத்தைக் கையாளுங்கள். அசிங்கமான படத்தைப் பதறி அழித்துவிடாதீர்கள். வலைத்தள முகவரியும் தேதியும் தெரியும்படி பதிவு செய்து வையுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று விரட்ட 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இடம் தரவில்லை. உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் செய்யலாம்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நீங்களே உரிமையாளர் என்கிறது 1957-ன் பதிப்புரிமைச் சட்டம். ஸ்டுடியோக்காரர் உங்கள் மகள் படத்தை விளம்பரமாக்கினால் தட்டிக் கேளுங்கள். ஜவுளிக்கடை, செல்போன் கடை நடத்தும் சகோதரர்களே! வாடிக்கையாளரின் படம் உங்களிடம் இருக்கும் அமானிதம். அனுமதியின்றி வெளியிடுவது மோசடி.

நம் பெண்கள் வாய்மூடிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் ஏலம் போட்டார்கள். அவர்களை வீட்டுக்குள் பூட்டினால் அந்த ஏலத்தை முடித்து வைப்பவர்கள் நாமாகிவிடுவோம். அவர்கள் பக்கம் நிற்போம், இன்ஷா அல்லாஹ்!