பகலில் எங்கே போவது?

சேலம் சூரமங்கலம் ரயிலடியிலும், பழைய பஸ் நிலையத்தின் ஓரங்களிலும், நாமக்கல் கோட்டையடியிலும் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து போகிறவர்களுக்கு ஒரு காட்சி புதிதல்ல. பிள்ளைகள் கைவிட்ட கிழவர்கள், புருஷன் அடித்துத் துரத்திய பெண்கள், கால் ஊனமானவர்கள், ஊர் பேர் சொல்லத் தெரியாதவர்கள் சாக்கை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். இவர்களைப் பற்றி நம் பெரிய மனிதர்கள் எப்போதாவது பேசினாலும், இரவில் படுக்க ஒரு கூரை வேண்டும் என்பதோடு பேச்சை முடித்துக் கொள்ளுகிறார்கள். பொழுது விடிந்த பிறகு இவர்கள் எங்கே போவது என்று கேட்பாரில்லை. விடியற்காலையில் துடைப்பமும் போலீஸ் தடியும் எழுப்பிவிட்டால், அப்புறம் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் இவர்கள் உட்காருவதை யாரும் ஆட்சேபிக்காத இடம் கோவில் வாசல் ஒன்றுதான். அங்கேயும் கையை நீட்டினால்தான் உட்காரலாம். சும்மா உட்கார்ந்தால் திருடன் என்பார்கள்.

ஆகையால் இந்த ஜில்லாக்களில் பகல் நேரத்திலும் திறந்திருக்கும் நிலையங்கள் வேண்டும் என்கிறோம். நாம் கேட்பது மாளிகை அல்ல. குளிக்கத் தண்ணீர், துணி துவைக்க ஒரு கல், மூட்டையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி, வாரத்தில் ஒரு நாளாவது வந்து போகும் டாக்டர், மனு எழுதிக் கொடுக்க ஒரு படித்த ஆள், தபால் வந்து சேர ஒரு விலாசம், இவ்வளவுதான். மூட்டையை வைக்க இடமில்லாதவன் கூலி வேலைக்குப் போவது எப்படி? குளிக்காதவனை எந்த ஓட்டல்காரர் வேலைக்குச் சேர்ப்பார்? பெண்கள் விஷயம் சொல்லவே வேண்டியதில்லை. மறைவாகக் குளிக்கவும் தீட்டுத் துணி மாற்றவும் இடமில்லாமல் மாதாமாதம் ஒரு பெண் படும் பாட்டைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுத வெட்கப்படுகின்றன. நமக்கு அந்த வெட்கம் கிடையாது.

இது நாம் கனவு கண்டு சொல்லுவதும் அல்ல. உணவு உரிமைக்காக 2001-ல் போடப்பட்ட வழக்கில், டில்லிக் குளிரில் தெருவில் கிடந்தவர்களைப் பற்றிய புகாரின் மேல் சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் தலையிட்டது. நகரங்களில் வீடற்றோருக்கு விடுதிகள் வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு 2013-ல் ஏற்பட்ட நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில், ஒரு லக்ஷம் ஜனத்தொகைக்கு 100 பேர் தங்கும்படியான விடுதி வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும், அது இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 2011 ஜனக் கணிதப்படி சேலம் மாநகராட்சியின் ஜனத்தொகை 8,29,267. அந்தக் கணக்கில் எண்ணூறு பேருக்காவது இடம் இருக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரம் என்ற வார்த்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பகலும் அதில் அடங்கியதே.

நிற்க, இவர்களுக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாக வேண்டியது காகிதம். தேர்தல் கமிஷன் விதி ஒன்று உண்டு. வீடில்லாதவர் ஓட்டர் பட்டியலில் சேர மனுச் செய்தால் விலாசத்துக்கு ருஜு கேட்கக் கூடாது. அவர் சொன்ன இடத்தில் மெய்யாகவே படுத்துறங்குகிறாரா என்று உத்தியோகஸ்தர் இரவில் போய்ப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்பதே அது. ஒரு மனிதனுக்கு அவன் தூக்கமே சாசனமாக இருக்கிறது! சிரிப்பு வந்தாலும் இது நல்ல விதி என்றே சொல்லுவோம். ஆனால் ஓட்டுக்கு மட்டும் தூக்கம் போதும், மற்றதற்குப் போதாது. ஆதரவற்ற முதியோருக்கு நம் மாகாணத்தில் 1962 முதல் பென்ஷன் உண்டு. 2023-ல் அது மாதம் 1,200 ரூபாய் ஆயிற்று. அதைப் பெற ஆதார் வேண்டும், பாங்கிக் கணக்கு வேண்டும். அங்கீகாரம் பெற்ற விடுதியின் தலைவர் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டை ஆதாருக்கு ஒப்புக் கொள்ளுகிறார்கள். அப்படியானால், விடுதியில் பெயர் பதிந்த கிழவிக்குப் பென்ஷனுக்கு வழி பிறக்கிறது. கோவில் வாசலில் முப்பது வருஷம் உட்கார்ந்த கிழவிக்கு அந்தக் கோவிலின் எந்தத் தர்மகர்த்தாவாவது இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததுண்டா?

காஷ்மீரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ம் நம்பர் பெருவழி சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டே போகிறது. ஆகவே நமக்குப் புரியாத பாஷை பேசிக்கொண்டு, சடையும் அழுக்குமாக ரோட்டோரம் நடக்கிறவர்களை இங்கே காணலாம். சிறுவர்கள் பைத்தியம் என்று கல்லெறிகிறார்கள். பெரியவர்களோ பேய் பிடித்தது என்கிறார்கள், அல்லது சித்தர் என்று கும்பிட்டுக் குறி கேட்கிறார்கள். இந்தக் கும்பிடும் கல்லெறியைப் போலவே ஒரு கொடுமைதான். இரண்டு பேரும் அவருக்கு மருந்து கொடுப்பதில்லை. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஏர்வாடியில் தெய்வ சக்தியால் குணமாகும் என்று சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர், கொட்டகை தீப்பிடித்தபோது ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டியது மதம் மட்டுமல்ல. பெற்றவர்களுக்குப் போக வேறு இடம் இல்லாமற் போனதும் சேர்ந்துதான் பூட்டியது. சென்னையில் 1993-ல் ஏற்பட்ட ‘பேன்யன்’ என்னும் ஸ்தாபனம், தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களைச் சேர்த்துச் சிகிச்சை செய்து பலரை வீடு சேர்த்திருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படும் பேய் பேயாகுமா என்று அன்பர்களே யோசிக்கட்டும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடுக்கிறது. தன்னைக் காத்துக் கொள்ள முடியாமல் மனநோயோடு திரிகிறவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, லாக்கப்பில் அடைக்காமல், 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும், வீட்டாரைத் தேட வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது.

தர்மம் செய்வதில் நம்மவர்களுக்குக் குறைச்சலில்லை. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வருஷம் தவறாமல் 1,00,008 வடையில் மாலை போடுகிறார்கள். பதினெட்டு அடி உயரக் கல்லுக்குப் பசி இல்லை. அந்த உளுந்துக்கும் எண்ணெய்க்கும் ஆகும் பணத்தில் நாலு குளியலறையும் ஐம்பது பெட்டியும் கட்டினால் ஆஞ்சநேயர் கோபிக்க மாட்டார், கோபிக்க அவருக்கு வழியுமில்லை. சர்க்காரும் 2002-ல் கோவில்களில் அன்னதானத் திட்டம் வைத்தது. பசித்தவனுக்குச் சோறு போடுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ல் மூட்டிய அடுப்பையும் நாம் குறை சொன்னதில்லை. ஆனால் 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் கொடுத்து ஒரு இட்லி வாங்குகிறவன் நிமிர்ந்து நின்று வாங்குகிறான். வாசலில் இலைக்குக் காத்திருக்கிறவன் குனிந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. போடுகிறவருக்குப் புண்ணியம் சேர வேண்டுமானால் வாங்குகிறவன் என்றைக்கும் வாங்கிக் கொண்டே இருக்க வேண்டுமல்லவா?

இப்படிச் செய்தால் சோம்பேறிகள் பெருகிவிடுவார்கள் என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்லக்கூடும். உழைக்காமல் உண்ணும் கூட்டத்தை நாம் கண்டித்து எழுதுவது உண்மையே. ஆனால் அது மடத்தில் கொழுத்தவர்களைப் பற்றியது. தெருவில் படுக்கிறவர்களில் மூட்டை தூக்குகிறவர்களும், எச்சில் தட்டு கழுவுகிறவர்களும், குப்பை பொறுக்குகிறவர்களும், கல்யாணப் பந்தலுக்குக் குழி தோண்டுகிறவர்களும் எத்தனையோ பேர். உழைத்தும் வாடகைக்குப் பற்றாதவர்கள் இவர்கள். பிச்சையைக் குற்றமாக்கிய 1945-ம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தால் பிச்சை ஒழிந்ததா? டில்லியில் அதைப் போன்ற சட்டத்தின் ஷரத்துக்களை 2018-ல் அந்த ஹைக்கோர்ட்டு செல்லாது என்றது. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும், வேறு வழியில்லாமல்தான் பிச்சைக்கு வருகிறார்கள் என்ற அபிப்பிராயத்தோடு, அவர்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. தலைவிதி, முன்ஜென்ம பாவம் என்று சொல்லுகிறவர்களுக்குப் பதில் எழுத இன்று இடமில்லை.

ஆதலால் சேலம், நாமக்கல் தோழர்கள் இந்த வாரத்திலேயே இரண்டிரண்டு பேராகத் தங்கள் ஊர் நகராட்சி ஆபீசுக்குப் போய், வீடற்றோர் விடுதி எந்தத் தெருவில் இருக்கிறது, எத்தனை பேருக்கு இடம், பகலில் உள்ளே இருக்க விடுகிறார்களா, பெண்களுக்குத் தனி அறை உண்டா, எத்தனை பேருக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டுகிறோம். பிறகு பகல் இரண்டு மணி வெயிலில் அந்த விடுதிக்கே நேரில் போய்ப் பார்த்து, கண்டதை நமக்கு எழுதட்டும். நன்றாக நடக்கிறதென்றால் அதையும் சந்தோஷத்தோடு வெளியிடுவோம்.