மலைமக்களைக் கேளுங்கள்!

மசினகுடிக்குப் பக்கத்தில் சிங்காரா. இருளரும் குறும்பரும் வாழும் வட்டாரம். யானைகள் நடமாடும் காடு. அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டம் வந்தது. காடு கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2009-ம் ஆண்டில் மத்திய அரசு அனுமதி மறுத்தது. யானைகளின் வழி பிழைத்தது.

யானைக்கு வழி சரி. அங்கே வாழும் மனிதனுக்குச் சொல் உண்டா?

உண்டு! வன உரிமைச் சட்டம், 2006, அந்த உரிமையைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது.

ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்ட ஏற்பாடு நடந்தது. "கிராம சபைகளைக் கேளுங்கள்" என்றது சுப்ரீம் கோர்ட்டு. 2013-ம் ஆண்டில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் "வேண்டாம்" என்றன. சுரங்கம் நின்றது.

மலையில் கைவைக்குமுன் மலைமக்களைக் கேட்பதே முறை. மக்களும் கிராம சபைக்குத் தவறாமல் போகவேண்டும். தீர்மானத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும்.