எருக்குழியைத் தூர்த்தபின்

கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், கட்சி மாநாடு என்று ஜனங்கள் திரளாகக் கூடி உண்கிற இடங்களிலெல்லாம், பந்தி முடிந்தபின் கிடக்கிற குவியலைப் பார்த்து எவரேனும் சற்றே முகஞ்சுளித்தால், அவருக்குச் சொல்லப்படுகிற சமாதானம் ஒன்று உண்டு: "வாழையிலைதானே, தானாக மக்கிப்போகும்." பிளாஸ்டிக் தட்டை விட்டு இலைக்கும் பாக்குமட்டைக்கும் காகிதக் குவளைக்கும் மாறிய மாத்திரத்தில் தம் கடமை பூர்த்தியாகிவிட்டதென்று படித்தவரும் பாமரரும் ஒருங்கே நம்புகிறார்கள். இந்த அபிப்பிராயம் முழுப் பொய்யாயிருந்தால் இதைக் கண்டிப்பது எளிது. ஒரு காலத்தில் மெய்யாயிருந்தது என்பதே இதன் பலம்.

நம் பாட்டன்மார் காலத்துக் கிராமத்தில் எச்சில் இலை கொல்லையைத் தாண்டியதில்லை. மாடு தின்றதுபோக எஞ்சியது எருக்குழியில் விழுந்தது. அதன்மேல் தொழுவத்துச் சாணமும், அடுப்புச் சாம்பலும், வாசல் கூட்டிய சருகும் நாள்தோறும் விழுந்தன. பிறகு குழியை வெட்டி, வண்டியேற்றி, வயலுக்கு அடித்தார்கள். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர், கீழ்த்திசைக் குடியானவர்களின் வழக்கங்களை ஊன்றிக் கவனித்து, செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிக் காற்றூட்டினால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் நல்ல உரம் விளையும் என்று வகுத்த கிரமமே இந்தூர் முறை என்ற பெயரால் உலகெங்கும் பரவிற்று. காற்று, ஈரம், சருகு, சாணம், புரட்டுகிற கை ஆகிய இத்தனையும் ஒத்துழைத்த பின்னர்தான் இலை மண்ணாயிற்று. நாமோ குழியைத் தூர்த்து அதன்மேல் வீடு கட்டிக்கொண்டோம்; குழியோடு பிறந்த நம்பிக்கையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சென்னையிலே பல பத்தாண்டுகளாகக் குப்பை போய்ச் சேர்ந்த இடங்கள் பெருங்குடியும் கொடுங்கையூரும். அத்தகைய மேட்டின் அடியில் அமுங்கிய பொருளுக்குக் காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் சில பொருள்கள் மக்காமலே கிடக்கின்றன, மற்றவை அழுகுகின்றன. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ராத்ஜே என்ற தொல்பொருள் ஆராய்ச்சியாளர் 1980களின் பிற்பகுதியிலிருந்து குப்பைமேடுகளைத் துளைத்துப் பார்த்தபோது, பல்லாண்டுகளுக்கு முந்திய செய்தித்தாள்கள் படிக்கத்தக்க நிலையிலேயே வெளிவந்தன. எந்த அடுக்கு எந்த ஆண்டினது என்று நிர்ணயிப்பதற்கே அவற்றின் தேதி அவருக்குப் பயன்பட்டது. அழுகுகிறவையோ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கவல்ல மீதேனை வெளியிடுகின்றன. குப்பைமேடுகள் பற்றிக்கொண்டால் லேசில் அணையாமைக்கும் இவ்வாயு ஒரு காரணம். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாட்கணக்கில் எரிந்து புகைந்ததை அப்பகுதிவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி, இலை எடுக்கப்படுகிற விதத்தைச் சற்று நிதானமாகக் கவனிப்போம்; விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. மேசைமேல் சுருளிலிருந்து இழுத்து விரித்த நீளக் காகிதம், அதன்மேல் இலை, இலையருகே தண்ணீர் பாட்டில், பாயசக் குவளை, ஐஸ்கிரீம் கிண்ணம். உண்டவர் எழுவதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலியின் பின்னால் வந்து நின்றுவிட, பணியாள் ஒரு முனையிலிருந்து காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே வந்து, சகலத்தையும் ஒரே மூட்டையாகத் தொட்டியில் தள்ளுகிறார். உரமாகியிருக்கக்கூடிய இலை அங்கே பாட்டிலால் கெட்டது. காயலான் கடையில் விலைபோயிருக்கக்கூடிய பாட்டில் குழம்பால் கெட்டது. பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்பது, சோற்றில் பிசைந்த மோரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒப்பாகும். அப்படியும் பிரிக்கிறவர் உண்டு. நாமே தொடக் கூசுகிற நம் எச்சிலை, பல இடங்களில் கையுறைகூட இல்லாமல், துழாவுகிற துப்புரவுத் தொழிலாளிதான் அவர். "தானாக மக்கும்" என்கிற பேச்சு இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்கு, அது இவரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிற சௌகரியமும் ஒரு காரணமென்றே நினைக்கிறேன்.

காகிதக் குவளையின் உட்புறத்தில் மெல்லிய பாலிதீன் பூச்சு இருக்கிறது. ஆகவே அது எருவுக்கும் ஆகாது, பழைய காகிதக் கடைக்கும் ஆகாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு விதித்த தடையில் அதுவும் அடக்கம். துணி என்று எண்ணி நாம் மகிழ்ச்சியோடு வாங்கிவருகிற தாம்பூலப் பைகளிலும் பல, நெய்யப்படாத பாலிபுரோப்பிலீனால் ஆனவை. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டுகிறவர் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்கு அறிவித்து, கழிவைத் தோன்றுமிடத்திலேயே பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் சொல்லின. தெருவை மறித்துப் பந்தல் போட்டவர்களில் அதைக் கேள்விப்பட்டவர் சொற்பம்.

செய்யவேண்டியது பெரிய வித்தையன்று. சமையல் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுக்கிற அன்றே, மேசைக்குக் காகிதம் வேண்டாம், ஈரத்துணி போதும் என்றும், தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் என்றும், இலையும் மிச்சச் சோறும் ஒரு தொட்டி, மற்றவை வேறு தொட்டி என்றும் பேசி முடித்துவிடவேண்டும். இலையை நறுக்கி, நீர்ப்பசை மிகுந்த அந்தக் கழிவோடு சருகோ தென்னைநார்க் கழிவோ தாராளமாகக் கலந்து புரட்டினால் நாற்றமின்றி எருவாகும். இடமில்லாதவர் உள்ளாட்சியின் நுண் உரம் தயாரிக்கும் மையத்துக்கு அனுப்பலாம்.

பந்தி தாமதப்படும், கூலி கூடும், விருந்தினர் முகங்கோணுவர் என்று ஆட்சேபிப்பார்கள். முதல் இரண்டும் வாஸ்தவம். துடைப்பதற்கு நேரமும் டம்ளர் கழுவ ஆளும் வேண்டியதுதான். மூன்றாவதைப் பொறுத்தவரை, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள் என்பதற்காக மொய் எழுதாமல் திரும்பிப்போன விருந்தாளியை நான் இதுவரை கண்டதில்லை.