பெயர் பல, பொறி ஒன்று

அமெரிக்க நாட்டுக் கடைகளிலே புல்வெட்டும் பொறிகள் சிவப்பும் மஞ்சளுமாய் நிரல்பட நிற்கும். பெயர் வேறு, விலையும் வேறு. கவிழ்த்து நோக்குவார்க்கோ பல வேளைகளில் கத்தியும் கப்பியும் ஒன்றே.

சியர்ஸ் என்னும் வணிகநிலையம் 1927 முதல் வழங்கிய பெயர் 'கிராப்ட்ஸ்மன்'. கைவினைஞன் என்பது அதன் பொருள். (நல்ல பெயர்தான்!) ஆயின் அந்நிலையம் அப்பொறிகளைத் தானே செய்ததன்று. மாதிரி எண் 247 என்று தொடங்கின் அது எம்.டி.டி. ஆலையில் பிறந்தது, 917 எனின் பின்னாளில் ஹஸ்குவர்னாவினதாகிய ஆலையில் பிறந்தது. அவ் எம்.டி.டி.யே 1981-இல் கப் கேடட் என்னும் பெயரையும் 2001-இல் டிராய்பில்ட் என்னும் பெயரையும் கைக்கொண்டது.

இது வஞ்சனையோ? முழுதும் அன்று என்பேம். ஒரே ஆலை ஒரு பெயர்க்குத் தடித்த தகடும் வலிய எஞ்சினும் இட்டு, மற்றொன்றிற்கு மெலிந்தன இடுதலும் உண்டு. அவ்வேற்றுமைக்கு மிகுவிலை கொடுத்தல் தகும். வணிகர் தரும் உத்தரவாதத்திற்கே விலை என்பாரும் உளர். அங்ஙனமாயின் அதனை வெளிப்படக் கூறி விற்கட்டும். செய்தோன் பெயரை எண்ணுள் ஒளித்து வைப்பதனையே நாம் பழிக்கின்றோம்.

இக்குறை சிறிதன்று. சியர்ஸ் 2018-இல் கடன்தீர்க்க இயலாது நீதிமன்றம் புகுந்தது. கடைகள் பல மூடப்பட்டன. 917-இன் பொருளறிந்தோன் தேய்ந்த கத்திக்கும் அறுந்த வாருக்கும் ஈடு தேடுமிடம் அறிவான். அறியாதவனோ, மூடிய கடையின் பெயரன்றி வேறொன்றும் பொறிக்கப்படாத பொறியை வைத்துக்கொண்டு, யாரிடம் போவான்?