ரிப்பேர் முடிந்த கார், நின்ற இடத்திலேயே உறுமுவது ஏன்?

கோடையில் இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய், ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்துவிட்டு வீடு திரும்பும் பெட்ரோல் கார்கள் சில, ஒரு புது வியாதியையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்.பி.எம். முள் 1,500-க்கு ஏறுகிறது. அதில் தப்பில்லை. ஆனால், அரை மணி நேரம் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் முள் அங்கேயே நிற்கிறது. சிக்னலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இரைச்சல் அடங்குவதில்லை. பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

மெக்கானிக்கிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். “புதுசா வேலை பார்த்த இன்ஜின் சார். ரெண்டு நாள் ஓட்டுங்க, தானா செட் ஆகிடும்.”

சில கார்களில், ஒரே ஒரு காரணத்துக்கு, அது உண்மைதான். மற்ற காரணங்களில் எதுவும் தானாகச் செட் ஆகாது. ஒன்றில் பிரேக்கே சம்பந்தப்பட்டிருக்கிறது.

பெட்ரோல் இன்ஜினின் வேகத்தைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நாம் திறப்பது த்ராட்டில் என்கிற காற்றுக் கதவை. அதன் வழியே உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை இ.சி.யு. என்கிற கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துத் தெளிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. காலை எடுத்துவிட்டால் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். இன்ஜின் அணையாமல் இருக்கத் தேவையான கொஞ்சம் காற்று மட்டும் போகும். அந்த நிலையில் சூடான இன்ஜின் பெரும்பாலான சிறிய கார்களில் 700 முதல் 900 ஆர்.பி.எம். வரை சுற்றும். இதுதான் ஐடிலிங்.

ஆகவே, ஐடிலிங் 1,500-ல் நிற்கிறது என்றால், கதவு மூடியிருந்தும் எங்கிருந்தோ கூடுதல் காற்று போகிறது என்று அர்த்தம். ஓட்டை வழியாகத் திருட்டுத்தனமாகப் போகலாம். கதவு சரியாக மூடாமல் இருக்கலாம். அல்லது இ.சி.யு.வே, “இன்ஜின் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது” என்று தப்பாக நினைத்துக்கொண்டு வேண்டுமென்றே காற்றை விடலாம். எது என்று தெரியாமல் உதிரிபாகம் வாங்கப் போவது பணத்துக்குக் கேடு.

ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் அதற்கு முன் இன்டேக் மேனிஃபோல்டு கழற வேண்டும். அதோடு சேர்ந்து இன்ஜெக்டர்கள், அரை டஜன் வேக்குவம் ஹோஸ்கள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், கூலன்ட் ஹோஸ்கள், சென்சார் கனெக்டர்கள் எல்லாம் கழன்று வரும். பத்து வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர், பிளாஸ்டிக் போல விறைத்திருக்கும். கழற்றி மாட்டும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். இன்ஜெக்டரின் ஓ-ரிங் தட்டையாகியிருக்கும். மேனிஃபோல்டின் பேக்கிங்கை மாற்றாமல், பழையதையே பேஸ்ட் தடவி மாட்டியிருப்பார்கள். தலைவலி வந்த இடம் ஹெட் கேஸ்கட் என்றாலும், புது வியாதி ஒட்டியிருப்பது இந்தச் சில்லறைச் சாமான்களில்தான். அதனால் தேடலை ரிப்பேரின்போது கை பட்ட இடங்களிலிருந்து தொடங்குவதே சரி. ரிப்பேருக்கு முந்தைய நாள் ஒழுங்காக இருந்த இ.சி.யு., மறுநாள் காலை திடீரென்று கெட்டுப்போவது அபூர்வம்.

ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் சின்னக் கீறல்கூடக் காற்றை உறிஞ்சும். நம் ஊரில் ஓடும் பல சிறிய கார்களில், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும்; அதை வைத்துத்தான் இ.சி.யு. காற்றைக் கணக்கிடும். ஓட்டை வழியே காற்று வந்தால் அழுத்தம் ஏறும். “சரி, அதிகக் காற்று வருகிறது” என்று இ.சி.யு.வும் பெட்ரோலைக் கூட்டும். இன்ஜின் தடுமாறாமல், சொகுசாக, வேகமாகச் சுற்றும். ‘இன்ஜின் ஸ்மூத்தாகத்தானே இருக்கிறது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். காற்றை நேரடியாக அளக்கும் வகைக் கார்களில் இதே ஓட்டை இருந்தால், அளவில் சிக்காத காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காமல் ஐடிலிங் தடுமாறும், நடுங்கும்.

சில கார்களில் முள் 1,000-க்கும் 2,000-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடும். ஓட்டைக் காற்றால் வேகம் ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது இவ்வளவு வேகம் எதற்கு என்று இ.சி.யு. பெட்ரோலை நிறுத்துகிறது, வேகம் விழுந்ததும் மறுபடி கொடுக்கிறது. வீட்டில் குழந்தைகள், “கார் மூச்சு விடுதுப்பா” என்று சரியாகவே சொல்வார்கள்.

இந்த நேரத்தில் அவசர வைத்தியம் ஒன்று நடக்கும். த்ராட்டில் பாடியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகி, முள்ளை 800-க்குக் கொண்டுவந்து சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கார்புரேட்டர் காலத்தில் ஐடிலிங் ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. அதைத் திருகுவது நியாயமான வேலை. இன்றைய கார்களில் இருக்கும் அந்த ஸ்க்ரூ, கதவு எங்கே முட்டி நிற்க வேண்டும் என்று தொழிற்சாலையில் நிர்ணயித்தது. அதை நகர்த்தினால், ‘கதவு மூடியிருக்கிறது’ என்று சென்சார் சொல்லும் கணக்கே மாறிப்போகும். ஓட்டையோ அப்படியே இருக்கும். அந்த ஓட்டை வழியே போகும் காற்று, ஏர் ஃபில்டரைத் தாண்டி வருவதல்ல. தெருப் புழுதியோடு வருகிறது. இவ்வளவு செலவு செய்து சரிபார்த்த இன்ஜினுக்குள் புழுதி போவதை ஸ்க்ரூ திருகி மறைப்பதுபோல அநியாயம் வேறில்லை.

பிரேக் பூஸ்டர் ஹோஸுக்கு வருவோம். காலால் மெல்ல மிதித்தாலே கார் நிற்பதற்குக் காரணம், மேனிஃபோல்டின் அந்த வேக்குவம்தான். அது பூஸ்டர் வழியாக நம் காலுக்குத் துணைபோகிறது. அந்தத் தடித்த ஹோஸ் சரியாக மாட்டாமலோ, கீறியோ இருந்தால் ஐடிலிங்கும் ஏறும், பிரேக் பெடலும் கல்லாகும். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அப்படியே அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, பெடலை மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்து ஐடிலிங் மாறினாலோ, அந்தக் காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகக்கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். இல்லையென்றால் டோ செய்து அனுப்புங்கள். ‘ரெண்டு நாள் ஓட்டுங்க’ என்ற பேச்சுக்கே இடமில்லாத விஷயம் இது.

மற்ற ஓட்டைகளைக் கண்டுபிடிக்க, விவரமான மெக்கானிக்கிடம் எளிய வழிகள் உண்டு. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வேக்குவம் ஹோஸையும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக இறுக்கிப் பிடிப்பார். எதைப் பிடிக்கும்போது ஆர்.பி.எம். சட்டென்று இறங்குகிறதோ, அந்தப் பாதையில் சந்தேகம். மேனிஃபோல்டு இணைப்புகளில் லேசாகத் தண்ணீரை ஸ்ப்ரே செய்தால், ஓட்டை உள்ள இடத்தில் அதை உறிஞ்சி, இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் எரியக்கூடிய திரவத்தை அடிப்பது வினையை விலைக்கு வாங்குவது. ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் என்றால் இன்னும் நல்லது. இன்ஜினை அணைத்துவிட்டு மேனிஃபோல்டுக்குள் புகையை விடுவார்கள். எங்கே கசிகிறதோ அங்கே ஊதுபத்திபோல எழும்.

ஓட்டையே இல்லை என்றால்? அடுத்த சந்தேகம், சூடு.

இன்ஜின் கொதித்து வந்த காரில், ‘இனிமேல் சூடே ஆகாது சார்’ என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் நம்மூரில் வேரூன்றியிருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் வால்வு. அது இல்லையென்றால் கூலன்ட் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டரைச் சுற்றிவரும். இன்ஜின் சூடேறவே நீண்ட நேரமாகும். ஹைவேயில் காற்று வீச வீச இன்னும் குளிரும். இ.சி.யு. பார்ப்பது கூலன்ட்டின் வெப்பத்தை மட்டுமே. 60 டிகிரி என்று சென்சார் சொன்னால், ‘இன்னும் சூடாகவில்லை’ என்று ஐடிலிங்கை ஏற்றியே வைக்கும். பெட்ரோலையும் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கும். மைலேஜ் குறைவதை வீட்டுக்காரர் அடுத்த மாத பெட்ரோல் கணக்கில் பார்ப்பார். கழற்றிய வால்வை மாட்டச் சொல்ல வேண்டும். பழையது கெட்டிருந்தால் புதியது. கொதித்ததற்கான நிஜக் காரணம் ரேடியேட்டர் அடைப்பா, ஃபேனா, வாட்டர் பம்ப்பா என்று பார்க்காமல் தெர்மோஸ்டாட்டைத் தண்டிப்பதில் பயனில்லை.

இதே ஏமாற்றத்தை ஏர் லாக்கும் செய்யும். ஹெட் வேலை முடிந்து கூலன்ட் ஊற்றும்போது உள்ளே காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டால், சென்சார் கூலன்ட்டில் நனையாமல் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதிக்கும்போதும் குளிர்ச்சி என்றே அது சொல்லக்கூடும். மீட்டரை நம்பி ஓட்டினால் புது ஹெட் கேஸ்கட்டும் போகும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். ரிப்பேர் முடிந்த இரண்டாம் நாளே மட்டம் இறங்கியிருந்தால், உள்ளே காற்று இருந்தது அல்லது எங்கோ கசிகிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

மெக்கானிக் சொன்ன ‘தானா செட் ஆகிடும்’ எந்த இடத்தில் உண்மை? ரிப்பேரோடு சேர்த்து த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்திருந்தால். பல வருடக் கரி படிந்த கதவில், போதிய காற்றுக்காக இ.சி.யு. கதவைக் கொஞ்சம் அதிகமாகத் திறக்கப் பழகியிருக்கும். கரியைத் துடைத்த பிறகும் அந்தப் பழைய பழக்கப்படியே திறந்தால் காற்று அதிகமாகும். எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில கார்கள் ஓரிரு நாளில் தானே புதிதாகக் கற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்குக் கற்பிக்க வேண்டும். பல ஹோண்டா கார்களில் முறை இது: ஏசி, லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நியூட்ரலில் 3,000 ஆர்.பி.எம்.மில் ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கும்வரை பிடிக்க வேண்டும். பிறகு காலை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். நிஸான் கார்களில் இதற்கென்றே தனி நடைமுறை உண்டு; ஸ்கேனரில் சுலபமாக முடியும். இந்த ஒரு வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய அவகாசம்தான் அந்த ‘ரெண்டு நாள்’. மூன்றாம் நாளும் முள் இறங்கவில்லை என்றால் காரணம் வேறு.

பழைய, கேபிள் வைத்த கார் என்றால் அதைவிடச் சுலபமான ஒன்றை முதலில் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிளை மறுபடி மாட்டும்போது விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தால் கதவு முழுதாக மூடாது. கேபிளில் விரலால் அசைத்தால் கொஞ்சம் தளர்வு தெரிய வேண்டும். மிதியடி பெடலில் மாட்டிக்கொண்டு முழுப் பழியும் இன்ஜினுக்குப் போன கதைகளும் உண்டு.

ஏசி போட்டால் ஐடிலிங் சற்று ஏறுவது இயல்பு. அதை வியாதி என்று நினைக்க வேண்டாம். பி.எஸ்-6 டீசல் கார்களில் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி, தானே இறங்கும்.

டேஷ்போர்டில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத அடிப்படை மாடல்களுக்கு, போனோடு ப்ளூடூத்தில் பேசும் ஓ.பி.டி. கருவி உதவும். ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம் இரண்டும் அதில் தெரியும். பி 0507 என்ற கோடு வந்தால், ஐடிலிங் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று இ.சி.யு.வே புகார் சொல்கிறது. பி 0171, காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது. ஓட்டையைத் தேடச்சொல்லும் துப்பு. இரண்டுமே, ‘த்ராட்டில் பாடியை மாற்று’ என்ற உத்தரவு அல்ல. பல ஆயிரம் ரூபாய் பில்லுக்குத் தலையாட்டும் முன், “ஸ்மோக் டெஸ்ட் பார்த்தீங்களா? இன்ஜெக்டர் ஓ-ரிங், மேனிஃபோல்டு பேக்கிங் புதுசா போட்டீங்களா? தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கா?” என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். விஷயம் தெரிந்த மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னும் ரிப்பேருக்கே விடவில்லை என்றால் வேலை இன்னும் சுலபம். சாவியைக் கொடுக்கும் முன் பானெட்டைத் திறந்து, ஹோஸ்கள் போகும் பாதையை நாலு பக்கமிருந்தும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடாக ஓடும் நிலையில் இருந்தால், ஏசியை அணைத்துவிட்டு முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதையும் ஒரு படம். டெலிவரி எடுக்கும் நாளில் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே இன்ஜினைச் சூடாகவிட்டு, அதே எண்ணுக்கு முள் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டலாம்.