காத்திருந்தால் விலை ஏறலாம், வாசனை ஏறாது

மளிகை வியாபாரிகளுக்கும் மதுபானத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுபானச் சில்லறைக் கடைகள் அரசின் டாஸ்மாக் வசம் உள்ளன. மதுவுக்குப் பரிந்து பேசுவது நமது நோக்கமன்று. ஆனால் ஜின் என்ற பானத்தில் ஜூனிபர் என்ற காய்க்கு அடுத்தபடியாக முக்கியமாகச் சேர்வது, கீழமாசி வீதியில் நாம் மூட்டை மூட்டையாக விற்கும் கொத்தமல்லி விதைதான். ஆகவே அத்தொழிலில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

விஸ்கி போன்றவை காலத்தை விற்கும் சரக்கு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். மரம் நிறத்தையும் மணத்தையும் கொடுத்துக் காரத்தைத் தணிக்கிறது. அத்தனை காலமும் முதல் முடங்கிக் கிடக்கும், வட்டி ஏறும். போதாததற்குச் சரக்கும் ஆவியாகக் குறையும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் என்றால், பெங்களூரின் வெப்பத்தில் அது 10 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அங்கிருந்து 2004இல் கிளாஸ்கோ சென்று பெயர் வாங்கிய அம்ருத் விஸ்கி, இந்த நஷ்டத்தையும் தாங்கித்தான் விலை பெற்றது.

ஜின் அப்படியன்று. மணமற்ற சாராயத்தில் ஜூனிபர், மல்லி, அதிமதுரம், ஆரஞ்சுத் தோல் முதலியவற்றை ஊறவைத்து மீண்டும் வடிக்கிறார்கள். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். சில வாரங்களில் பாட்டிலுக்கு வந்துவிடும். முதல் சீக்கிரம் திரும்பும். ஆனால் குறையை மூடி மறைக்கப் பீப்பாய் கிடையாது. மல்லி மட்டமானால் பானமும் மட்டம்.

நமது கடையிலும் இந்த இரண்டு இனமும் உண்டு. பழைய அரிசிக்கும் பழைய புளிக்கும் வயது மதிப்புத் தரும். மல்லி, ஏலம், கிராம்பு ஆகியவற்றின் மதிப்பு அவற்றிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. அது நாளுக்கு நாள் பறந்துபோகும் எண்ணெய். விருதுநகர், விளாத்திகுளம் கரிசலில் தை, மாசியில் அறுவடையாகும் மல்லியை விலை ஏறட்டும் என்று வருடக்கணக்கில் கிடங்கில் போடுகிறவர், அரிசிக்குரிய கணக்கை மல்லிக்குப் போடுகிறார். விலை ஏறினாலும் விற்பது சக்கையைத்தான்.

நிறத்தையும் பருமனையும் பார்த்தே விலை பேசும் பழக்கமும் மாற வேண்டும். பொதுவாகச் சிறு விதை மல்லியில்தான் எண்ணெய் அதிகம், பெருவிதையில் குறைவு. ஜின் தயாரிப்பாளர் எண்ணெயைப் பார்த்து வாங்குகிறார். நாமோ கந்தகப் புகையால் பளபளக்கும் மல்லிக்கு மயங்குகிறோம்.

இல்லத்தரசிகள் கம்பெனிப் பாக்கெட் பொடிக்குப் போய்விட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. சாம்பார் மணக்கவில்லை என்றால் அவர்கள் ஏன் நம்மிடம் வர வேண்டும்? மொத்த வியாபாரிகள் மூட்டையில் அறுவடை ஆண்டைக் குறிக்கட்டும். புதியதோடு பழையதைக் கலக்க வேண்டாம். பழையதைப் பழையது என்றே சொல்லி விலை குறைத்துத் தள்ளிவிடலாம். சில்லறைக் கடைக்காரர் கொள்முதலின்போது ஒரு பிடி மல்லியை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்க்கட்டும். மூக்குக்குத் தெரியாத சரக்கை அடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். அப்போது கெடுவது நமது கடையின் பெயர்.