ஏழில் நொண்டும் தமிழ்

நம்மூர்ச் சுயாதீனப் பாடகர்களின் பேட்டிகளில் இப்போது ஒரு வரி தவறாமல் வருகிறது: “இது 7/8-ல போட்ட பாட்டு ப்ரோ.” பாட்டு எதைப் பற்றியது, வரி யாருடையது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சில பேட்டிகளில் அது வருவதே இல்லை. நாலில் போட்டால் சாதாரண ஆள், ஏழில் போட்டால் அறிவாளி. மோட்டார் வாங்கியவன் சிசி சொல்வதுபோல ஆகிவிட்டது தாளம்.

எனக்கு ஏழின்மேல் கோபம் இல்லை. ஏழு, ஐந்து, பதினொன்று எல்லாம் அழகானவை. அந்த ஏழுக்குள் தமிழை எப்படித் திணிக்கிறார்கள் என்பதில்தான் கோபம். அண்மையில் கோலாலம்பூரில் ஒரு சிறிய நிகழ்ச்சியில் இப்படி ஒரு பாட்டு. பிரிய நினைக்கும் காதலன் ‘விடு விடு’ என்று கெஞ்சுகிறான். கிதார் 2+2+3 என்று நடக்கிறது. ‘விடு விடு’ இயல்பில் நாலு குறில், நாலு மாத்திரை. ஏழை நிரப்ப மூன்று குறைகிறதே, என்ன செய்வது? இழுக்க வேண்டியதுதான். ‘வீ-டூ-வீடு’ என்று பாடினார். பக்கத்தில் இருந்த அக்கா என்னிடம், “வீடு வாங்குற பாட்டாப்பா?” என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

குறில் நெடிலானால் சொல் மாறிவிடும் மொழி இது. படம் பாடமாகும், கல் காலாகும், எடு ஏடாகும். முதல் வகுப்பில் படித்ததுதான். பாட்டெழுதும்போது மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம்?

மேற்கில் இந்த மோகத்துக்கு மூலமாகச் சொல்லப்படும் பாட்டுகளையே கேட்டுப் பாருங்கள். டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ 1959-இல் வந்தது. அதில் உள்ள ‘டேக் ஃபைவ்’ பால் டெஸ்மண்ட் எழுதியது, 5/4. அதைக் கேட்கிற யாரும் ஐந்து எண்ணுவதில்லை. பியானோ ஆரம்பம் முதல் 3+2 என்று ஒரே நடையைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. டிரம்ஸ் தனியாக விளையாடும்போதுகூட அது கீழே ஓடுகிறது. நாலாவது முறை வரும்போது நம் காலே அதைப் பிடித்துக்கொள்ளும். அதே தொகுப்பில் ‘புளூ ரோண்டோ ஆலா துர்க்’ 9/8. வழக்கமான 3+3+3 இல்லை, 2+2+2+3. புரூபெக் 1958 சுற்றுப்பயணத்தில் இஸ்தான்புல் தெருக்கலைஞர்கள் வாசித்ததைக் கேட்டு எடுத்த நடை அது. அங்கே அது தெருவில் வாசிக்கிற விஷயம். பல்கேரியாவில் ‘ரச்செனிட்சா’ ஏழில் ஆடும் ஊர் ஆட்டம். 2+2+3, சுற்றுக்கு மூன்று அடி. ஒரு சுற்று வலது காலில் தொடங்கினால் அடுத்தது இடது காலில் தொடங்கும். கல்யாணத்தில் பாட்டிமார் ஆடுவார்கள். அவர்களிடம் போய் “இது ரொம்பச் சிக்கலான தாளம்” என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த வகைத் தாளங்களுக்கு இசை ஆய்வாளர்கள் ‘அக்ஸாக்’ என்ற துருக்கிச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நொண்டுவது என்று பொருள். நம்மிடமும் நொண்டிச் சிந்து உண்டு. ஆனால் நொண்டி நாடகங்களில் நொண்டுபவன் கதாநாயகன்தான், தாளம் நேராகத்தான் நடக்கும். இப்போது தாளம் நேராக இருக்கிறது, மொழி நொண்டுகிறது.

அடுத்தது டூல் குழுவின் ‘லேட்டரலஸ்’, 2001. பல்கலைக்கழக விடுதியில் எங்கள் பொறியியல் கூட்டத்துக்கு அது வேதம். 9, 8, 7 என்று மாறும் தாளம். வரிகளின் அசை எண்ணிக்கை 1, 1, 2, 3, 5, 8 என்று ஃபிபோனாச்சி வரிசையில் ஏறி இறங்கும். எண் பிடித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதே வித்தையைத் தமிழில் செய்யப் பலருக்கும் ஆசை வருகிறது. அசையை எண்ணி, ஐந்து அசைக்கு ஐந்து தட்டு என்று மென்பொருளின் கட்டங்களில் அடுக்குகிறார்கள். இங்கேதான் வண்டி கவிழ்கிறது.

ஆங்கிலத்தில் ஒரு உயிரைக் கொஞ்சம் நீட்டினாலும் குறுக்கினாலும் பெரும்பாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தால் போதும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் எடை இருக்கிறது. சந்தக் கணக்கில் குறில் ஒன்று, நெடில் இரண்டு, குறிலோடு ஒற்று சேர்ந்தாலும் இரண்டு. ‘இரவு நேரம்’ என்று சொல்லிப் பாருங்கள். இ-ர-வு மூன்று. நே-ரம் நாலு. மொத்தம் ஏழு, 3+4. தகிட தகதிமி. மிஸ்ர சாபு! ‘ஆகாயம் பார்த்தேன்’ என்று சொல்லுங்கள். ஆ, கா, யம், பார்த், தேன். ஒவ்வொன்றும் இரண்டு, மொத்தம் பத்து. ஆங்கிலக்காரன் மாதிரி உச்சரிப்புத் துண்டுகளை எண்ணினால் இரண்டுமே ஐந்துதான். ஐந்து என்று நம்பி இரண்டையும் ஒரே அளவுப் பெட்டியில் போட்டால் ஒன்று பிதுங்கும், இல்லை இன்னொன்று இழுபடும்.

தினமும் நாம் பேசுவதிலேயே இந்தத் தாளங்கள் இருக்கின்றன. ‘நீ சொல்லு’ 2+3, கண்ட சாபு. மாமாக் கடையில் ‘என்ன லா’ என்று சலித்துக்கொள்கிறோமே, அது 3+2. யாரும் எண்ணிவிட்டுச் சலித்துக்கொள்வதில்லை.

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். திருப்புகழில் இன்று கிடைப்பவை ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். சந்தத்தில் எத்தனை வகை! தன என்றால் இரண்டு, தான என்றால் மூன்று, தத்த என்றாலும் தந்த என்றாலும் மூன்றுதான், ஆனால் வல்லினமும் மெல்லினமும் காதில் வேறு வேறாக விழும். தன தான என்று அடுக்கினால் ஐந்து. தான தனதன என்றால் ஏழு. அவர் தாளத்தை முதலில் போட்டுவிட்டுச் சொல்லை அதற்குள் தள்ளவில்லை. சொல்லின் எடையே தாளமாகிவிடுகிறது. கிருத்திகை அன்று கோவிலில் திருப்புகழ் பாடும் அம்மாக்கள் ஐந்தையும் ஏழையும் கைத்தாளத்தோடு சர்வசாதாரணமாகக் கடந்து போகிறார்கள். அவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, “அதான் சொல்றோம், இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருந்துச்சு” என்று கிளம்பும் இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. ஏழு தாளம், ஐந்து ஜாதி, முப்பத்தைந்து. அதை ஐந்து நடையால் பெருக்கினால் 175. சரி. கச்சேரியில் அதில் எத்தனை வருகிறது? ஆதி, ரூபகம், இரண்டு சாபு, இவற்றிலேயே பெரும்பாலான கச்சேரிகள் முடிந்துவிடும். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பெருமையாகச் சொல்வதும் 7/8 பெருமையும் ஒரே நோய்தான். பல்லவியில் சங்கீர்ண நடை காட்டும் வித்வான் பலருக்கும் அந்த ஒரு வரி சாகித்யம் சட்டை மாட்டும் ஆணி மட்டுமே. சொல்லை நடுவில் வெட்டி மூச்சு வாங்குவதற்கு அங்கேயும் கைதட்டல் உண்டு. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சியாமா சாஸ்திரி மிஸ்ர சாபுவைத் திருப்பி 4+3 ஆக்கி விலோம சாபுவில் பாட்டு அமைத்தார் என்றால், அவர் மாற்றியது எண்ணை அல்ல. ஏழு ஏழாகவே இருக்கிறது. எடை விழும் இடம் மாறுகிறது, பாட்டின் குணமே மாறிவிடுகிறது. நம் ஆட்களில் எத்தனை பேர் ‘7/8’ என்று சொல்லும்போது 2+2+3-ஆ, 3+4-ஆ என்று சேர்த்துச் சொல்கிறார்கள்? அதைச் சொல்லாத வரைக்கும் தாளத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

“மெட்டுக்குப் பாட்டு எழுதுறதே தப்புன்னா சினிமாப் பாட்டு பூராவும் தப்பா?” என்று கேட்கலாம். இல்லை. கண்ணதாசனும் வாலியும் மெட்டுக்கு எழுதியவர்கள்தான். ஆனால் அவர்கள் கைக்கு வந்தது எண் அல்ல, தத்தகாரம். தன்னானே என்று இசையமைப்பாளர் பாடிக் காட்டுவார். எங்கே குறில், எங்கே நெடில், எங்கே ஒற்று இடிக்கும் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். அதற்குப் பொருத்தமான சொல்லைத் தேடுவது கவிஞன் வேலை. இழுவையும் குற்றமல்ல. சொல்லை முழுதாக ஒரு தரம் காதில் போட்டுவிட்டு அப்புறம் கடைசி உயிரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டுங்கள், கேட்பவனுக்குச் சொல் தெரிந்துவிட்டது. முதல் குறிலை நெடிலாக்கிவிட்டு அதைச் ‘சோதனை முயற்சி’ என்று சொல்லாதீர்கள்.

மேலே சொன்ன ‘விடு விடு’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். கிதாரை மாற்ற வேண்டாம். 2+2+3, அதாவது தன தன தான. ‘விடு விடு கண்ணு’ என்று எழுதியிருந்தால் போதும். விடு இரண்டு, விடு இரண்டு, கண்ணு மூன்று. ஒரு எழுத்தும் இழுபடாது. கெஞ்சலும் கூடும், ஏனென்றால் பேச்சில் நாம் அப்படித்தான் கெஞ்சுகிறோம். ஒரே ஒரு சொல். இதற்கு மேதை தேவையில்லை, வரியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும்.

இந்தத் தளத்தில் கவிதை எழுதுகிற பல பேரிடம் இப்போது பாட்டு வரி கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரியும். நல்ல விஷயம், எழுதுங்கள். “7/8-ல ஒரு டிராக் இருக்கு, அசை எண்ணி எட்டு வரி குடுங்க” என்று சொன்னால் மட்டும், முதலில் தத்தகாரத்தைப் பாடிக் காட்டச் சொல்லுங்கள். தனன தானாவோ, தன தன தானவோ, ஏதோ ஒன்று. பாடிக் காட்டத் தெரியவில்லை என்றால் அவரிடம் இன்னும் மெட்டே இல்லை. மெட்டு வந்ததும் கூப்பிடச் சொல்லி ஃபோனை வைத்துவிடுங்கள்.